தேயிலைக்கு நெருங்கிய சொந்தம் எது?

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் சாலை மலையை வெட்டிப் போட்ட சாலை. ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கும் செம்மண் வெட்டு. வெட்டின் உச்சியில் தேயிலை வரிசைகள் தொடங்குகின்றன. அதற்குக் கீழே ஈரம் கசியும் மண்சுவரில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல் இரண்டு செடிகள் அடர்ந்து கிடக்கும்.

ஒன்று பெரணி. அதன் இலைக்காம்பு இரண்டாகக் கவைத்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகக் கவைத்து, ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து புதராகிவிடும். தாவரவியலில் அதற்கு டைக்ரனாப்டெரிஸ் லீனியாரிஸ் என்று பெயர். மற்றது பார்வைக்கு ஒரு குட்டிப் பைன் மரம். உயரம் முழங்காலைத் தாண்டுவது அரிது. நேரான தண்டு, பக்கவாட்டில் கிளைகள், கிளையெல்லாம் ஊசி ஊசியாய் இலைகள், நுனிகளில் கவிழ்ந்து தொங்கும் வெளிர்மஞ்சள் கூம்புகள். மலைக்கு வரும் பலரும் இதைப் பைன் நாற்று என்றே நினைக்கிறார்கள். ஆனால் எத்தனை வருடம் கழித்து வந்து பார்த்தாலும் அது மரமாகியிருக்காது. இது லைகோபோடியம் குடும்பத்துச் செடி. 1753-இல் லின்னேயஸ் இதற்கு லைகோபோடியம் செர்னுவம் என்று பெயரிட்டார்; இன்றைய ஆய்வாளர்கள் பால்ஹின்ஹேயா செர்னுவா என்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் இதை லைகோபோடியம் என்றே அழைப்போம்.

இரண்டுக்கும் பூ இல்லை, காய் இல்லை, விதையும் இல்லை. மேலே நிற்கும் தேயிலைக்கோ வெள்ளைப் பூவும் உண்டு, உருண்டை விதையும் உண்டு. அப்படியானால் இந்த மூன்றில் நெருங்கிய உறவினர் எந்த இரண்டு?

பெரணியும் லைகோபோடியமும் என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். தாவரவியலும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிவந்தது. பெரணிகள் ஒருபுறம், லைகோபோடியம் போன்றவை ‘பெரணியின் துணைகள்’ என்று மறுபுறம். இரண்டும் சேர்ந்து ‘டெரிடோஃபைட்டுகள்’ என்ற ஒரே வீடு. அந்தக் கணக்கு தவறு. பெரணிக்கு லைகோபோடியத்தைவிடத் தேயிலைதான் நெருங்கிய சொந்தம்.

குழாய் உண்டு, விதை இல்லை

மண்சுவரின் அடியில், நிழல் விழும் இடத்தில், பச்சைப் பாசி படர்ந்திருக்கும். அது விரல் உயரத்தைத் தாண்டாது. காரணம் எளிது: மண்ணிலிருந்து நீரை மேலே ஏற்ற அதற்கு உறுதியான குழாய்கள் கிடையாது. பெரணி, லைகோபோடியம், தேயிலை மூன்றுக்கும் தண்டுக்குள் நீர்க்குழாய்களும் உணவுக்குழாய்களும் இருக்கின்றன. இவற்றைக் கடத்துத் திசு என்பார்கள். இந்தத் திசு இருப்பதால்தான் நிலத்தில் செடிகளால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

விதைக்குப் பதில் பெரணியும் லைகோபோடியமும் ஸ்போர்களை விடுகின்றன. ஸ்போர் என்பது ஒரே ஒரு செல். கண்ணுக்குத் தூளாகத் தெரியும். விதைக்குள் ஒரு கருவும் அதற்கான உணவும் இருக்கும். ஸ்போருக்குள் அப்படி எதுவும் தயாராக இல்லை. இறங்கிய இடத்தில் ஈரம் இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை. தென்மேற்குப் பருவமழை முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து நனைக்கும் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகள் இந்த வாழ்க்கைக்கு ஏற்றவை.

மண்ணும் அப்படியே. இங்குள்ள அமிலச் செம்மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்கு எட்டும்; பல பயிர்களுக்கு அது நஞ்சு. தேயிலை அதைத் தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துச் சமாளிக்கிறது. லைகோபோடியக் குடும்பத்தின் பல இனங்களும் அலுமினியத்தைத் திரட்டி வைப்பவை. வட ஐரோப்பாவில் துணிக்குச் சாயம் பிடிக்கப் படிகாரம் கிடைக்காத ஊர்களில் இந்தச் செடியை வேகவைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். டைக்ரனாப்டெரிஸும் இதே மண்ணில் தழைக்கிறது. ஒரே மண்ணில் பிழைக்கக் கற்றதை மட்டும் வைத்து உறவை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த மண்சுவரே சாட்சி.

இலை சொல்லும் சேதி

உறவைத் தேட இலையில் தொடங்கலாம். லைகோபோடியத்தின் ஊசியிலை ஒன்றைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒரே ஒரு நரம்பு தெரியும். அது எங்கும் கிளைக்காது. இதைச் சிற்றிலை என்போம். பெரணியின் இலையிலோ நரம்புகள் கிளைத்துக் கிளைத்து விளிம்புவரை ஓடும். தேயிலைக் கொழுந்தைப் பிடித்துப் பார்த்தாலும் அதே கதைதான்: நடுநரம்பு, அதிலிருந்து கிளைகள், கிளைகளிடையே வலை. இவற்றைப் பேரிலை என்போம். அளவு இங்கே முக்கியமில்லை. அழிந்துபோன லைகோபோடிய உறவினர்களில் சிலவற்றின் சிற்றிலை முழ நீளத்தையும் தாண்டியது. அதிலும் ஒரே நரம்புதான்.

இந்த வேற்றுமை மேலோட்டமானதல்ல. சிற்றிலை, தண்டின் பக்கத்தில் புடைத்த சிறு முளையாகத் தொடங்கி, பின்னர் ஒரு நரம்பைப் பெற்றது என்பது பரவலான கருத்து. பேரிலை வந்த வழி வேறு. கவைத்துக் கவைத்து வளர்ந்த கிளைத்தொகுதி ஒன்று தட்டையாகி, கிளைகளுக்கு இடையே பச்சைத் தசை நிரம்பி இலையானது. ஜெர்மானியத் தாவரவியலாளர் வால்டர் சிம்மர்மன் 1930-களில் இதை விரிவாக எடுத்துரைத்தார். மண்சுவரில் தொங்கும் டைக்ரனாப்டெரிஸ் இலையைப் பார்த்தால் அவர் சொன்னதை நம்பாமல் இருப்பது கடினம். ஒவ்வொரு கவையிலும் ஓர் உறங்கும் மொட்டு இருக்கிறது. தருணம் வாய்த்தால் அது விழித்து இலையை மேலும் நீட்டும். இலையா கிளையா என்று ஐயப்பட வைக்கும் வளர்ச்சி அது.

ஒரு எச்சரிக்கை தேவை. பெரணியின் இலையும் தேயிலையின் இலையும் ஒரே மூதாதையின் இலையிலிருந்து நேராக வந்தவை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வழிமரபும் ஒரே வகைக் கிளைத்தொகுதியைப் பெற்றுக்கொண்டு, தனித்தனியே அதைத் தட்டையாக்கியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் மூலப்பொருள் ஒன்று. லைகோபோடியத்தின் மூலப்பொருள் அதுவல்ல.

மண்ணுக்குள்ளும் இதே பிரிவினை தொடர்கிறது. லைகோபோடியத்தின் வேர் கிளைக்கும்போது நுனியே இரண்டாகப் பிளக்கும். பெரணியிலும் தேயிலையிலும் பக்கவேர்கள், வளர்ந்த வேரின் உட்புறத்திலிருந்து முளைத்துப் பக்கவாட்டில் வெளியே வருகின்றன. இலையையும் வேரையும் தாவர உலகம் ஒருமுறைக்கு மேல் உருவாக்கியிருக்கிறது.

வெடிக்கும் பை, பிளக்கும் பை

நீலகிரிப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு தெரியும். வெள்ளிப் பெரணியின் இலையைப் பறித்து, அடிப்பக்கம் படும்படி கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால், இலையின் வடிவம் வெள்ளையாகத் தோலில் பதியும். பித்தைரோகிராமா கலோமெலானோஸ் என்ற அந்தப் பெரணி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் மலைகளில் ஊன்றிக்கொண்டது. பதிகிற வெள்ளை மாவை ஸ்போர் என்று பலர் எண்ணுகிறார்கள். அது இலை சுரக்கும் மெழுகுத்தன்மையான பொடி. ஸ்போர்கள் அந்த வெள்ளைக்கு நடுவே கரும்பழுப்பாக இருக்கும் பைகளுக்குள் இருக்கின்றன.

இந்த ஸ்போர்ப்பைகள் அமைந்திருக்கும் இடமே இரு கூட்டத்தையும் பிரித்துக் காட்டும். பெரணியில் அவை இலையின் அடிப்பக்கத்தில், கொத்துக் கொத்தாக இருக்கும். லைகோபோடியத்தில் ஓர் இலைக்கு ஒரே பை. அதுவும் இலையின் மேற்பக்கத்தில், தண்டோடு சேரும் மூலையில் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட இலைகள் நெருங்கி அடுக்கியதுதான் நுனியில் தொங்கும் கூம்பு.

பை திறக்கும் விதத்தில் பெரணி அசத்துகிறது. ஒவ்வொரு பையின்மீதும் தடித்த சுவருள்ள செல்களாலான வளையம் ஒன்று ஓடுகிறது. வெயில் ஏறும்போது அந்தச் செல்களிலிருந்து நீர் ஆவியாகும். உள்ளே மிஞ்சிய நீர் சுவர்களை உள்நோக்கி இழுக்க, வளையம் பின்புறமாக வளைந்து பையைக் கிழிக்கும். இழுவிசை எல்லை கடந்ததும் செல்களுக்குள் காற்றுக்குமிழ்கள் தோன்றும். பிடிப்பு விட்டுப்போய் வளையம் பழைய நிலைக்குத் துள்ளும். ஸ்போர்கள் வினாடிக்குப் பத்து மீட்டர் அளவு வேகத்தில் வெளியே பாயும். தசையோ நரம்போ இல்லாமல், நீர் காய்வதை மட்டும் வைத்து நடக்கும் வேலை இது.

லைகோபோடியத்தின் பைக்கு வளையம் கிடையாது. சிறுநீரக வடிவில் இருக்கும் அது, முதிர்ந்ததும் இரண்டாகப் பிளந்து நிற்கும். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

ஆனால் மனிதர்கள் தேடிப் போனது லைகோபோடியத்தின் ஸ்போரைத்தான். ஹோமியோபதிக் கடைகளில் லைகோபோடியம் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது லைகோபோடியம் கிளாவேட்டம் என்ற இனத்தின் ஸ்போரிலிருந்து தயாரிப்பது. எண்ணெய்ச் சத்து மிகுந்த இந்தத் தூளைத் தீச்சுடர்மேல் தூவினால் குப்பென்று பற்றும். 1807-இல் பிரான்சின் நியேப்ஸ் சகோதரர்கள் படகு ஓட்டச் செய்த இயந்திரத்துக்கு எரிபொருள்களில் ஒன்று இதுதான். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் உலகின் முதல் உலர்நகலை எடுத்தபோது, மின்னேற்றம் பெற்ற தகட்டில் தூவியதும் இந்தத் தூளே. இன்று மூலைக்கு மூலை இருக்கும் ஜெராக்ஸ் கடைகளின் முதல் மை ஒரு செடியின் ஸ்போர்.

கண்ணில் படாத தலைமுறை

ஸ்போர் மண்ணில் விழுந்தால் நேராகப் பெரணியோ லைகோபோடியமோ முளைப்பதில்லை. முதலில் முளைப்பது வேறொரு சின்னஞ்சிறு செடி. ஆண், பெண் அணுக்கள் உண்டாவது அதில்தான் என்பதால் அதைப் பாலணுச் செடி என்போம். அதன்மேல் நடக்கும் சேர்க்கையிலிருந்தே நாம் அறிந்த பெரிய செடி எழுகிறது. 1851-இல் வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர் இந்த மாறிமாறி வரும் இரு தலைமுறைகளைத் தாவர உலகம் முழுவதற்கும் பொதுவான விதியாக எடுத்துக் காட்டினார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல், இசை நூல் வணிகம் செய்துகொண்டே அதிகாலைகளில் நுண்ணோக்கியில் குனிந்து கண்டறிந்தவர் அவர்.

பெரணியின் பாலணுச் செடி விரல் நகத்தைவிடச் சிறியது. பச்சையாக, இதய வடிவில், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். தேடினால் குன்னூர் மண்சுவரிலேயே கிடைக்கும்.

லைகோபோடியம் கிளாவேட்டத்தின் பாலணுச் செடி மண்ணுக்குள் வாழ்கிறது. வெளிச்சமே இல்லாததால் பச்சையம் இல்லை. ஒரு பூஞ்சை அதன் உடலுக்குள் புகுந்து உணவூட்ட, முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. இந்த ஒளிவு வாழ்க்கையால் அதைப் பார்த்தவர்களே அரிது. நம் மண்சுவர்ச் செடி நடுவழியைப் பிடித்திருக்கிறது: அதன் பாலணுச் செடி பூஞ்சையை விடாமல், ஆனால் மண்ணின் மேற்பரப்பில் தலைகாட்டி, சற்றே பச்சையாக வளரும். 1880-களில் ஜாவாவில் இருந்த டச்சுத் தாவரவியலாளர் மெல்கியோர் த்ரூப் அதைத் தேடிப்பிடித்து விவரித்தார்.

சேர்க்கைக்கு இரண்டுக்கும் நீர் வேண்டும். ஆணணு நீந்தித்தான் பெண்ணணுவை அடைய வேண்டும். அந்த நீச்சலிலும் வேற்றுமை உண்டு: லைகோபோடியத்தின் ஆணணுவுக்கு இரண்டே சாட்டை இழைகள், பெரணியினுடையதற்குப் பல. விதைத் தாவரங்களில் இன்றும் நீந்தும் ஆணணுவை வைத்திருப்பவை சைக்கஸ் வகைகளும் கிங்கோவும். அவற்றின் ஆணணுவும் பல சாட்டைகள் கொண்டதே.

திருப்பிக் கோத்த ஏடு

இலையும் வேரும் ஆணணுவும் ஒரே பக்கம் விரல் நீட்டினாலும், அவற்றையெல்லாம் தற்செயல் என்று வாதாட இடமிருந்தது. வாதத்தை முடித்துவைத்தது பச்சையத்தைச் சுமக்கும் பசுங்கணிகம். செல்லுக்குள் இருக்கும் இந்த நுண்ணுறுப்புக்குத் தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு. 1986-இல் ஜப்பானிய ஆய்வுக்குழுக்கள் புகையிலையின் பசுங்கணிக டிஎன்ஏவையும், பாசிகளின் உறவான மார்கான்ஷியாவின் பசுங்கணிக டிஎன்ஏவையும் முழுமையாகப் படித்து வெளியிட்டன. இரண்டையும் ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 30,000 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் இருந்தது.

பழஞ்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றவர்களின் வேலையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு சுவடியில் சில ஏடுகள் திருப்பிக் கோக்கப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து எழுதிய ஒவ்வொரு படியிலும் அந்தப் புரட்டு தொடரும். வெவ்வேறு ஊர்களில் கிடைத்த நான்கு சுவடிகளில் அதே ஏடுகள் அதே இடத்தில் புரண்டிருந்தால், நான்கும் ஒரே மூலத்தின் வழிவந்தவை. புரளாத சுவடி வேறு வழியில் வந்தது.

1992-இல் லிண்டா ராபெசனும் ராபர்ட் ஜான்சனும் செய்தது இந்த ஒப்பீட்டைத்தான். பல தாவரக் குடும்பங்களில் அந்தப் பகுதி எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்தார்கள். பூக்கும் தாவரங்கள், பைன்கள், பெரணிகள் எல்லாவற்றிலும் அது புரண்டிருந்தது. லைகோபோடியத்திலும் அதன் உறவுகளான செலாஜினெல்லா, ஐசோயிட்டஸ் ஆகியவற்றிலும் பாசிகளில் உள்ள பழைய வரிசையே இருந்தது. ஆகவே புரட்டு நடந்தது லைகோபோடியக் கூட்டம் பிரிந்துபோன பிறகு. பெரணியும் தேயிலையும் இன்னும் ஒரே வழிமரபாக இருந்தபோது.

2001-இல் கேத்லீன் பிரையரும் உடன் ஆய்வாளர்களும் பல மரபணுக்களை வைத்து இன்னொரு குழப்பத்தைத் தீர்த்தார்கள். ஓடைக்கரைகளில் கணுக்கணுவாய் வளரும் ஈக்விசிட்டமும், வேரே இல்லாத சைலோட்டமும் ‘துணைகள்’ பட்டியலில் லைகோபோடியத்தோடு வைக்கப்பட்டிருந்தவை. அவை உண்மையில் பெரணிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. தோற்றம் ஏமாற்றியிருந்தது.

எத்தனை பழைய பிரிவு?

உதகை தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் அங்கே கிடத்தப்பட்டிருக்கும் கல்மரத்தைப் பார்த்து வியப்பார்கள். அதன் வயது 2 கோடி ஆண்டுகள் என்று அங்கே குறித்திருக்கிறார்கள். லைகோபோடியக் கூட்டமும் பெரணி–தேயிலைக் கூட்டமும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தக் கல்மரத்தைப் போல இருபது மடங்குக்கும் கூடுதலான பழமை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பாறைகளில் கிடைத்த பராக்வனாத்தியா என்ற புதைபடிவம், உடலெங்கும் சிற்றிலைகளோடு, இந்தப் பழங்காலத்திலேயே லைகோபோடியக் கூட்டம் தனிவழி போய்விட்டதைக் காட்டுகிறது.

அதற்குப் பிந்தைய காலத்தில் அந்தக் கூட்டம் உலகை ஆண்டது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரந்திருந்த சதுப்புக் காடுகளில் லெபிடோடெண்ட்ரான் 30 மீட்டருக்கும் மேலே வளர்ந்து நின்றது. அந்த மரத்தின் பருமனில் பெரும்பகுதி பட்டைதான். உள்ளே மரக்கட்டை சொற்பம். பிரிட்டனின் தொழிற்புரட்சியை ஓட்டிய நிலக்கரியில் பெரும்பங்கு இந்த மரங்களுடையது. இந்திய நிலக்கரியின் கதை வேறு: அது பெரும்பாலும் பெர்மியன் காலத்தது, குளோசாப்டெரிஸ் என்ற விதைத் தாவரத்தின் கொடை.

அந்த ராட்சத மரங்களுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு ஐசோயிட்டஸ். குளக்கரையிலும் மழைநீர்க் குட்டைகளிலும் கோரைப்புல்லாகத் தோற்றம் தரும் சிறுசெடி. அதன் இந்திய இனம் ஒன்றுக்குக் கோரமண்டலினா என்று நம் கடற்கரையின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

பெரணிகள் பழையவையா?

பெரணியைப் பார்த்தவுடன் ‘டைனோசர் காலத்துச் செடி’ என்று சொல்லிவிடுவது வழக்கம். கூட்டம் பழையது, உண்மை. ஆனால் இன்றுள்ள பெரணி இனங்களில் பெரும்பாலானவை, பூக்கும் மரங்கள் காடுகளைப் பிடித்த பிறகு, அந்த மரங்களின் நிழலில் பெருகியவை என்று 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மங்கிய வெளிச்சத்தை உணர உதவும் ஒரு மரபணு, ஹார்ன்வொர்ட் என்ற பாசி உறவிடமிருந்து பெரணிகளுக்குத் தாவி வந்தது என்று 2014-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. நீலகிரிச் சோலைக்காட்டுக்குள் நுழைந்தால், மரத்தண்டிலும் பாறையிலும் ஓடையோரத்திலும் பெரணிகள் குடியேறியிருப்பதைக் காணலாம். ஓடை ஈரத்தில் நிமிர்ந்து நிற்கும் மரப்பெரணியின் ‘அடிமரம்’கூட மரக்கட்டை அல்ல, தண்டைச் சுற்றி வேர்கள் பின்னிய கவசம்.

2016-இல் உலகின் வல்லுநர்கள் கூடி வெளியிட்ட வகைப்பாட்டின்படி பெரணிகள் 10,578 இனங்கள். லைகோபோடியக் கூட்டம் 1,338. இந்த எண்களை வைத்து ஒன்று வென்றது, மற்றது தோற்றது என்று சொல்வது சரியல்ல. மண்சரிந்து வெறுமையான சரிவில், வேறெதுவும் ஊன்றத் தயங்கும் அமில மண்ணில், முதலில் வந்து மண்ணைப் பிடித்துக்கொள்பவற்றில் நம் லைகோபோடியமும் ஒன்று.

நீலகிரியின் பெரணிகளைப் பற்றிய அறிவுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம், 1863-இல் தொடங்கித் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு நூலாக வெளியிட்டார். இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல் அது. அந்த அறிவு வகுப்பறைக்கு வந்து சேரும்போது மட்டும் ‘டெரிடோஃபைட்டுகள்’ என்ற ஒற்றைத் தலைப்பில் சுருங்கிவிடுகிறது. செலாஜினெல்லாவும் பெரணியும் அடுத்தடுத்த பாடங்களாக, ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளாக மாணவர் மனத்தில் பதிந்துவிடுகின்றன. மலையில் வேலை செய்யும் ஆசிரியர்கள் இதை மாற்ற முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் போதும். ஒரு பாடவேளையில் மாணவர்களைச் சாலையோர மண்வெட்டுக்கு அழைத்துப்போய், மூன்று இலைகளின் நரம்புகளை அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.